வாக்கியம் முடியும்வரை ஒரு பூட்டு

செம்பூரில், சேடா நகர் முருகன் கோயிலுக்கு நடந்து போகும் தொலைவில் எங்கள் வீடு இருக்கிறது. ஹாலில் சன்னலோரமாகப் போட்டிருக்கும் மேசைதான் என் அலுவலகம். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் தொழில். அதிலும் பெரும்பகுதி, புதிய மருந்துகளை மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வுகளில் சேருகிறவர்கள் படித்துக் கையெழுத்திட வேண்டிய ஒப்புதல் படிவங்கள். கணினியில் கவனத்தைக் கலைக்கும் செயலிகளையும் தளங்களையும் நான் எப்படிக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறேன் என்பதை இங்கே எழுதுவதற்கு, அப்படிப்பட்ட ஒரு படிவத்தில் நான் செய்த தவறுதான் காரணம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஜூலை மாதத்து மழை நாள் ஒன்றில், இதய நோய் மருந்து ஒன்றுக்கான படிவத்தில் உட்கார்ந்திருந்தேன். யாரெல்லாம் ஆய்வில் சேர முடியாது என்று விளக்கும் பகுதி அது. கடந்த 30 நாட்களுக்குள் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுத்துக்கொண்டவர்கள் சேர இயலாது என்பது மூல வாக்கியத்தின் பொருள். பாதி வாக்கியம் எழுதியிருந்தபோது, திரையின் வலது மூலையில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஓர் அறிவிப்பு எழுந்தது. கீழே தண்ணீர் ஏறுகிறது, வண்டிகளை நகர்த்துங்கள் என்றது. எங்களிடம் வண்டி கிடையாது. ஆனாலும் திறந்தேன், படங்களைப் பார்த்தேன், கீழே காத்திருந்த உறவினர் குழுவின் செய்திகளையும் படித்தேன், யாரோ அனுப்பியிருந்த இணைப்பைத் தொட்டு யூடியூபுக்குள் போனேன். திரும்பி வந்து, அரைகுறையாக நின்றிருந்த வாக்கியத்தை ‘இந்த ஆய்வில் சேரலாம்’ என்று முடித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

இந்தத் தொழிலில் பின்மொழிபெயர்ப்பு என்று ஒரு நடைமுறை உண்டு. ஆங்கில மூலத்தைப் பார்த்திராத வேறொருவர், நம் தமிழை மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார். இரண்டு ஆங்கிலப் பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். அங்கே அந்தத் தவறு அகப்பட்டது. ஆய்வில் சேருபவருக்குப் புரியும் மொழியில் விவரங்களைத் தந்தே ஒப்புதல் பெற வேண்டும் என்பதை நம் நாட்டில் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகள் கட்டாயமாக்கியிருக்கின்றன. அந்தத் தாளை நம்பித்தான் ஒருவர் தன் உடம்பை ஒப்படைக்கிறார். ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில் அழைத்து, “மேடம், ஏழாம் பக்கம் மூன்றாவது வரியை ஒரு முறை பாருங்கள்” என்று மட்டும்தான் சொன்னார். அந்த வரியைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

ஏன் சரியாக அந்த இடத்தில் தவறினேன் என்று அதன் பிறகு நிறைய யோசித்தேன். ஆங்கிலத்தில் மறுப்புச் சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் முன்பகுதியிலேயே வந்துவிடுகிறது. தமிழில் அது வினையோடு ஒட்டிக்கொண்டு கடைசியில் வருகிறது: சேர இயலாது, எடுத்துக்கொள்ளக் கூடாது, தேவையில்லை. எனவே மூலத்தின் தொடக்கத்தில் படித்த மறுப்பை, நடுவில் உள்ள நிபந்தனைகளையும் நாள் கணக்கையும் மருந்துப் பெயர்களையும் தாண்டி, தமிழ் வாக்கியத்தின் கடைசிச் சொல் வரைக்கும் மனத்தில் சுமந்துகொண்டு போக வேண்டும். இருபது சொற்கள் உள்ள வாக்கியத்தில் அது நிறைகுடத்தைத் தூக்கிக்கொண்டு படியேறுவதைப் போன்ற வேலை. நடுவில் யாராவது கூப்பிட்டால் குடம் கீழே விழுவதில்லை. தளும்பிக் கொஞ்சம் சிந்திவிடுகிறது, சிந்தியது நமக்குத் தெரிவதுமில்லை. கணக்கு எழுதுகிறவருக்கும், நிரல் எழுதுகிறவருக்கும், வழக்கு மனு தயாரிக்கிறவருக்கும் தலையில் சுமக்க வேண்டிய இப்படி ஒன்று இருக்கத்தான் செய்யும்.

ஒரு வேலையை முடிக்காமல் வேறொன்றுக்குத் தாவும்போது மனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுவதைச் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட கட்டுரையில் ‘கவன எச்சம்’ என்ற பெயரில் விளக்கினார். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த குளோரியா மார்க், அலுவலகப் பணியாளர்கள் ஒரு திரையில் எவ்வளவு நேரம் நிலைக்கிறார்கள் என்று பல ஆண்டுகளாக அளந்து வருகிறார். 2004 வாக்கில் சராசரியாக இரண்டரை நிமிடமாக இருந்தது, 2012 வாக்கில் 75 நொடியாகி, அண்மை ஆண்டுகளில் 47 நொடிக்கு வந்து நிற்கிறது. அவருடைய ஆய்வுகளில் என்னை மிகவும் தைத்த செய்தி வேறு. மனிதர்களின் கவனம் கலையும் தருணங்களில் ஏறக்குறைய பாதி, வெளியிலிருந்து யாரும் கலைக்காமல் அவர்களாகவே கலைத்துக்கொள்பவை.

அது என் விஷயத்திலும் உண்மையா என்று பார்க்க, மேசையில் ஒரு நாற்பது பக்க நோட்டை வைத்தேன். வேலையிலிருந்து கை விலகும் ஒவ்வொரு முறையும் மணியையும், எந்தச் சொல்லில் நின்றிருந்தேன் என்பதையும் குறித்துக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்துப் புரட்டியபோது எனக்கே வியப்பாக இருந்தது. அறிவிப்பு வந்ததால் விலகியதைவிட, கடினமான சொல்லில் முட்டி நின்றபோது நானாக விலகியதே அதிகம். ஆய்வில் சிலருக்கு உண்மையான மருந்துக்குப் பதிலாகத் தரும் மருந்துப்போலி என்ற சொல்லை, படிப்பறிவு இல்லாத ஒருவருக்கு எப்படிப் புரியவைப்பது, யாருக்கு எந்த மருந்து என்பதைக் கணினி குலுக்கல் போலத் தீர்மானிக்கும் முறையை எப்படிச் சுருக்கிச் சொல்வது என்று திணறும் இடங்களில், சுட்டி தானாகவே உலாவியின் மேல்பட்டைக்குப் போயிருக்கிறது. முகவரிப் பெட்டியில் யூடியூபின் முதல் எழுத்தான ஒய்யை மட்டும் தட்டினால் போதும், மீதியை உலாவியே நிரப்பிவிடும். எழுத்தைத் தட்டி என்டரை அழுத்தும் அந்த அசைவு, நான் முடிவெடுப்பதற்கு முன்பே விரலில் நடந்து முடிந்துவிடுகிறது.

முதலில் நான் செய்தது, எந்தத் தளத்துக்கு எந்த முகவரி என்று கணினி முதலில் பார்க்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் கைவைத்ததுதான். விண்டோஸில் அது சி டிரைவில், விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் இடிசி என்ற இடத்தில் இருக்கிறது. நிர்வாகி உரிமையோடு நோட்பேடைத் திறந்து, 0.0.0.0 என்று எழுதி, இடைவெளி விட்டுத் தடுக்க வேண்டிய தளத்தின் பெயரை எழுதினால், கணினி அந்தத் தளத்தின் உண்மையான முகவரியைத் தேடிப் போகாது. முன்னால் டபிள்யு டபிள்யு டபிள்யு சேர்த்து ஒரு வரி, சேர்க்காமல் ஒரு வரி என இரண்டையும் எழுத வேண்டும். உலாவியை மூடித் திறக்கவும் வேண்டும். செலவில்லாத, எளிய வழி. ஆனால் ஒரு தளத்தின் ஒரு பகுதியை மட்டும் இதில் தடுக்க முடியாது. கணினியில் உள்ள எல்லாக் கணக்குகளுக்கும் அது பொதுவாகிவிடுவதால், மாலையில் என் மகள் பள்ளிப் பாடத்தின் காணொளியைப் பார்க்க உட்கார்ந்தால் அவளுக்கும் திறக்காது. ஒவ்வொரு நாளும் கோப்பைத் திறந்து வரிகளை எடுப்பதும் சேர்ப்பதுமாக ஒரு வாரம் போயிற்று. எட்டாம் நாள் எடுத்த வரிகளைத் திரும்பச் சேர்க்கவில்லை.

அடுத்தது லீச்பிளாக். உலாவியில் சேர்க்கும் இலவச நீட்சி. ஃபயர்ஃபாக்ஸிலும் குரோமிலும் இயங்குகிறது. எந்தத் தளங்களை, எந்தக் கிழமைகளில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை தடுக்க வேண்டும் என்று குறித்துக்கொள்ளலாம்; ஒரு மணி நேரத்துக்கு இத்தனை நிமிடம்தான் என்று அளந்தும் விடலாம். அமைப்புகளை மாற்ற முடியாதபடி கடவுச்சொல் போடும் வசதியும் இருந்ததால், மகளைக் கூப்பிட்டு அவளுக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைப் போடச் சொன்னேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் குழந்தைக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. ஒரு நாள் மதியம் மூல ஆவணத்தில் சுட்டியிருந்த ஒரு காணொளியை நான் உண்மையாகவே பார்க்க வேண்டியிருந்தது. பள்ளி விட்டு வந்தவளிடம் கேட்டபோது, “வேலைக்கா அம்மா, வேடிக்கைக்கா?” என்று முகத்தை உற்றுப் பார்த்துக் கேட்டாள். வேலைக்குத்தான் என்றேன், அது உண்மை. ஆனால் அவள் நம்பவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. அன்று மாலையே அந்தக் கடவுச்சொல்லை நீக்கச் சொல்லிவிட்டேன். பூட்டின் சாவியை வீட்டில் இன்னொருவர் கையில் கொடுப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கணவனோ மனைவியோ பிள்ளையோ, அவர்களைக் காவல்காரர்களாக்குவது உறவுக்கு நல்லதில்லை.

இப்போது இருக்கும் ஏற்பாடு, இந்த இரண்டு தோல்விகளுக்குப் பிறகு வந்தது. ஒன்றரை ஆண்டுக்கு மேலாக நிலைத்து நிற்கிறது என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

விண்டோஸில் எனக்கென்று இரண்டாவதாக ஒரு பயனர் கணக்கை உருவாக்கினேன். அமைப்புகளில் கணக்குகள் என்ற பகுதிக்குள் மற்ற பயனர்களைச் சேர்க்கும் இடம் இருக்கிறது; அங்கே நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்காகச் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்தால் பெரும்பாலான மென்பொருள்களை அங்கிருந்து நிறுவ முயலும்போது நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். அந்தப் புதிய கணக்கில் மொழிபெயர்ப்பு மென்பொருளும், வேர்டும், ஃபயர்ஃபாக்ஸும் மட்டும் இருக்கின்றன. வாட்ஸ்அப் இல்லை. என் சொந்தக் கூகுள் கணக்கை அங்கே எந்த உலாவியிலும் நுழைக்கவில்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: சொந்தக் கணக்கில் ஒரு முறை நுழைந்து ஒத்திசைவுக்கு ஒப்புக்கொண்டால் பழைய வரலாறும், நூற்குறிகளும், கடவுச்சொற்களும் வரிசையாக வந்து உட்கார்ந்துகொள்ளும், ஒய் என்று தட்டினால் மறுபடியும் யூடியூப் நிற்கும். வரலாறு இல்லாத உலாவியில் அந்த எழுத்தைத் தட்டினால் ஒன்றும் நிரம்புவதில்லை. வெற்றுப் பெட்டியைப் பார்த்ததும் விரலுக்குப் பின்னால் மனம் விழித்துக்கொள்ளும். அந்த ஒரு கணம் போதுமானதாக இருக்கிறது.

அந்தக் கணக்கின் உலாவியில் லீச்பிளாக்கைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறேன். தடுக்க வேண்டியவற்றைப் பட்டியலிடுவதற்கு முடிவே கிடையாது. செய்தித் தளத்தை மூடினால் கிரிக்கெட் ஸ்கோர், அதை மூடினால் சேலைக் கடை. எனவே ஒரு நட்சத்திரக் குறியால் எல்லாத் தளங்களையும் தடுத்துவிட்டு, தேவையானவற்றை மட்டும் முன்னால் கூட்டல் குறியிட்டு அனுமதித்திருக்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியை இணையத்தில் தரும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் பக்கம், தமிழ்நாடு அரசின் கலைச்சொல் தளமான சொற்குவை, தமிழ் இணையக் கல்விக்கழகம், விக்கிப்பீடியா, வாடிக்கையாளர்களின் இரண்டு தளங்கள், வேலைக்கான மின்னஞ்சல் ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. விக்கிப்பீடியாவைச் சேர்ப்பதா வேண்டாமா என்று பல நாள் தயங்கினேன்; ஒரு நோயின் பெயரில் நுழைந்து சோழர் காலத்தில் வெளியே வருகிற ஆள் நான். ஆனால் மருத்துவச் சொல் ஒன்றின் கட்டுரையைத் திறந்து, பக்கவாட்டில் தமிழ் இணைப்பைத் தொட்டால் தமிழில் அதை என்னவென்று எழுதுகிறார்கள் என்பது உடனே தெரியும் என்பதால் அதை விட முடியவில்லை.

எங்கள் தொழிலின் பெரிய சிக்கலே இதுதான். அகராதியும் அலைபாய்வதும் ஒரே வாசல் வழியாக வருகின்றன. இணைய இணைப்பை முழுவதுமாகத் துண்டித்துவிடுங்கள் என்று அறிவுரை சொல்கிறவர்கள், இணையம் இல்லாமல் நடக்கிற வேலையைச் செய்கிறவர்களாக இருக்க வேண்டும்.

காலை ஒன்பதரை முதல் ஒன்று வரை, இரண்டு முதல் ஐந்து வரை இந்தப் பூட்டு இருக்கும். நடுவில் அமைப்புகளை மாற்றியே தீர வேண்டும் என்றால், நீட்சி காட்டும் 64 எழுத்துகளைத் தட்டச்சு செய்த பிறகே மாற்ற முடியும்படி வைத்திருக்கிறேன். திறக்கவே முடியாத பூட்டும் வேண்டாம், தொட்டதும் திறக்கும் பூட்டும் வேண்டாம் என்பது என் முடிவு. முழுமையாக அடைத்துவிட்டால் உண்மையான தேவை வரும் முதல் நாளே நீட்சியையே நீக்கிவிடுவோம். நீக்கியது திரும்பி வராது. 64 எழுத்துகள் என்பது, உண்மையான தேவைக்குச் சிறிய விலை. பழக்கத்தால் வரும் அரிப்புக்கு மிகப் பெரிய விலை. நடுவழியில் நாற்பதாவது எழுத்தில் நிறுத்திவிட்டு வேலைக்குத் திரும்பிய நாட்கள் பல.

அந்தேரியில் வேலை பார்க்கும் என் தம்பி மேக் வைத்திருக்கிறான். அவன் செல்ஃப்கண்ட்ரோல் என்ற இலவசச் செயலியைப் பயன்படுத்துகிறான். நேரம் குறித்துத் தொடங்கிவிட்டால், கணினியை அணைத்துப் போட்டாலும், செயலியையே நீக்கினாலும் அந்த நேரம் முடியும்வரை தடை விலகாது. “அக்கா, எனக்கு அப்படி இருந்தால்தான் சரிப்படும்” என்பான். அவனுக்கு அது பொருந்துகிறது. விண்டோஸில் அதே கண்டிப்பு வேண்டுபவர்கள் கோல்டு டர்க்கியைப் பார்க்கலாம். தளங்களை இலவசமாகவே தடுக்கும், கணினியில் நிறுவிய செயலிகளைத் தடுக்கக் காசு கேட்கும். அலுவலகம் தந்த கணினியில் எதையும் நிறுவ அனுமதி இல்லாதவர்கள், அலுவலக வேலைக்கு ஓர் உலாவி, மற்றதற்கு வேறோர் உலாவி என்று பிரித்து, இரண்டாவதன் படவுருவைப் பணிப்பட்டையிலிருந்து எடுத்துவிடுவதிலிருந்தே தொடங்கலாம்.

அறிவிப்புகளைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. வேலைக் கணக்கில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன். பணிப்பட்டைப் படவுருவின் மேல் தோன்றும் சிவப்பு எண்களையும் சேர்த்து. மின்னஞ்சலைப் பதினொன்றரைக்கும் மூன்றரைக்கும் திறக்கிறேன். அவசரமென்றால் அழையுங்கள், வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள் என்று வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் ஒரே கடிதமாக எழுதினேன். வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டேதான் அதை அனுப்பினேன். ஒருவர்கூட மறுக்கவில்லை. முதல் மாதத்தில் வந்த அவசர அழைப்புகள் மூன்று.

கைபேசிதான் கடினம். கணினியை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும், கையெட்டும் தூரத்தில் இன்னொரு திரை இருக்கும்வரை அது ஓட்டைப் பானையில் தண்ணீர் நிரப்பும் கதை. அதே சமயம் இந்த ஊரில் அதை அணைத்து வைக்கவும் முடியாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை எந்த நாளிலும் மழை வலுத்துத் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறலாம்; மகளின் பள்ளி பாதியில் விடலாம்; ஃபோர்ட்டில் வேலை செய்யும் கணவர் துறைமுக வழித்தட ரயிலில் குர்லாவுக்கு முன்னால் நின்றுவிடலாம். அதனால் கைபேசியைச் சமையலறையில் அரிசி டிரம்மின் மேல், மணியோசையைக் கூட்டி வைத்துவிடுகிறேன். ஆண்ட்ராய்டின் தொந்தரவு செய்யாதே முறையில் நட்சத்திரமிட்ட எண்களிலிருந்து வரும் அழைப்புகள் மட்டும் ஒலிக்கும்படி வைக்கலாம். ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைத்தால் அதையும் ஒலிக்கவிடும் வசதி உண்டு. பள்ளி, கணவர், அம்மா, கீழ்வீட்டு மாமி ஆகிய நான்கு எண்களுக்கு நட்சத்திரமிட்டிருக்கிறேன். பள்ளியின் செய்திகள் வாட்ஸ்அப் குழுவில்தான் வரும் என்பதால், அதே பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் கீழ்வீட்டு மாமியிடம், “மாமி, பள்ளியிலிருந்து ஏதாவது வந்தால் எனக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்” என்று கேட்டுக்கொண்டேன். கடந்த மழைக்காலத்தில் இரண்டு முறை அழைத்தார். இரண்டு முறையும் நான் நேரத்துக்குப் போய்விட்டேன்.

பூட்டு வந்த பிறகும் கடினமான சொல் கடினமாகவே இருந்தது. கை போவதற்கு இடமில்லாமல் போனதும், அந்தத் திணறல் முழு உருவத்தோடு முன்னால் வந்து நின்றது. முதல் இரண்டு வாரம் அது பொறுக்க முடியாததாக இருந்தது. எழுந்து தண்ணீர் குடித்தேன், சன்னலைத் திறந்தேன், தேவையில்லாமல் கோப்புகளுக்குப் பெயர் மாற்றினேன். பிறகுதான், விலகும் நேரங்களைக் குறித்த அதே நோட்டுக்கு வேறு வேலை கொடுத்தேன். முட்டிய சொல்லை அதில் பென்சிலால் எழுதுவேன். அதன் கீழே தோன்றுகிற தமிழையெல்லாம், எவ்வளவு மோசமாக இருந்தாலும், குறைந்தது மூன்று எழுதுவேன். அதற்கும் பிடிபடாவிட்டால் மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் இரண்டு கேள்விக்குறிகள் போட்டுவிட்டு வாக்கியத்தை அதன் வினை வரைக்கும் கொண்டுபோய் முடிப்பேன். சொல் காத்திருக்கலாம்; வாக்கியம் பாதியில் நிற்கக் கூடாது. மருந்துப்போலிக்கு ‘மருந்து போலவே தோற்றமளிக்கும், ஆனால் மருந்து எதுவும் கலக்காத மாத்திரை’ என்ற விளக்கம் அப்படி மூன்றாவது முயற்சியில் பென்சிலில் வந்ததுதான். இன்று எல்லாப் படிவங்களிலும் அதையே பயன்படுத்துகிறேன்.

முடிவில்லாமல் உருண்டுகொண்டே போகும் திரையை 2006இல் வடிவமைத்த ஏசா ராஸ்கின், அதற்காகப் பிற்காலத்தில் வெளிப்படையாக வருந்தியிருக்கிறார். பக்கத்தின் அடியில் ஒரு முற்றுப்புள்ளி இருந்தவரை, போதும் என்று எழுந்திருக்க நமக்கு ஓர் இடம் இருந்தது. நான் வேலை செய்யும் படிவங்களுக்குக் கடைசிப் பக்கம் இருக்கிறது என்பதை இப்போதெல்லாம் ஒரு நிம்மதியாகவே உணர்கிறேன்.

அந்தக் கடைசிப் பக்கம் முடிந்ததும் இன்னொரு சுற்று உண்டு. மூலத்தில் உள்ள மறுப்புச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி, அதற்கு நேரான தமிழ் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் வாய்விட்டுப் படிக்கிறேன்: இயலாது, கூடாது, தேவையில்லை, தெரியாது. முப்பது பக்கப் படிவத்துக்கு ஏறக்குறைய நாற்பது நிமிடம் ஆகிறது. அந்த நாற்பது நிமிடமும் பூட்டு போட்டபடியேதான் இருக்கும், மணி ஐந்தைத் தாண்டிவிட்டாலும்.